ரெண்டு ஜார்ஜ் டவுன், நாலு ராத்திரி: ரூம் எங்கே போடலாம்?

மலேசியாவின் பினாங்கில் இருக்கும் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, ஜார்ஜ் டவுன்ல நல்ல பூட்டிக் ஹோட்டலா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. பழைய வீடு மாதிரி இருக்கணும். கீழ எறங்குனா சாப்பாட்டுக் கடை இருக்கணும். நாலு ராத்திரி." குடியிருப்பதே ஜார்ஜ் டவுனில், அங்கே ஹோட்டல் பார்க்க வண்ணாரப்பேட்டைக்காரியை எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நிமிடம் விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவள் கேட்பது எங்கள் சென்னை ஜார்ஜ் டவுனை. ஆவணியில் ராயபுரத்தில் என் தம்பி மகள் கல்யாணம். அதற்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் 74 வயது மாமியாரும் வருகிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பூட்டிக்கா? ஊர் பாக்க வந்துட்டு எதுக்குப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காரணும்?" என்றாள். சிரித்துவிட்டேன். அடுத்த ஒரு வாரம் நாலைந்து இடம் ஏறி இறங்கிய பிறகு, அம்மா கேட்டது சரியான கேள்விதான் என்று பட்டது.

முதலில் தங்கை மனசில் இருக்கும் படத்தைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இரண்டு மாடிக் கடைவீடுகள் வரிசையாக இருக்கும். கீழே நடைபாதை வளைவு, மேலே மரச் சன்னல், உள்ளே முற்றம். அதில் பல இன்றைக்கு அழகான சின்ன ஹோட்டல்கள். அறை பத்தோ பன்னிரண்டோ இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, தரையில் பழைய ஓடு, சுவரில் பழைய போட்டோ. 1984-இல் நியூயார்க்கில் திறந்த மார்கன்ஸ் ஹோட்டல் பிரபலப்படுத்திய பாணி, கிழக்கே வந்து கடைவீட்டுக்குள் நன்றாகவே பொருந்திக்கொண்டது. நம் பக்கத்தில் காரைக்குடியிலும் புதுச்சேரியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

ஆனால் பினாங்கில் அந்த வீடுகள் எப்படிக் கிடைத்தன? 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டது. தலைமுறையாகக் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் புது வாடகை கட்டுப்படியாகாமல் கிளம்பின. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியது. காலியான வீடுகளுக்குள் ஹோட்டல் வந்தது. காரைக்குடிப் பக்கமும் பெரிய வீட்டுக்காரர்கள் வெளியூரில்தான் இருக்கிறார்கள். எங்கள் ஜார்ஜ் டவுன் காலியாகவே இல்லை. தம்புச் செட்டித் தெருவிலோ பவளக்காரத் தெருவிலோ மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை) போட்ட பழைய வீட்டைக் கண்டு ஆசையாக உள்ளே எட்டிப்பார்த்தால், முற்றம் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். திண்ணையில் பில் போடுகிறவர் உட்கார்ந்திருப்பார். மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் ஓடும். ஒவ்வொரு சதுர அடியும் சரக்குக்குச் சோறு போடும்போது, முற்றத்தில் வாழை நட்டு நாலு பேருக்குக் காபி கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பெயரும்கூட வேறு வேறு ஜார்ஜுகள்தான். அவர்களுடையது மூன்றாம் ஜார்ஜ். எங்களுடையது, 1906-இல் இளவரசராக வந்துபோன, பிறகு ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர். அதற்கு முன் இதன் பெயர் பிளாக் டவுன், கறுப்பர் நகரம். பெயர் மாறினாலும் தெருவில் லோடு இறக்குவது நிற்கவில்லை.

ஆக, அவள் கேட்ட மாதிரி ஒன்று, பழைய வீட்டைச் செதுக்கி எடுத்த ஹோட்டல், நான் ஏறி இறங்கிய தெருக்களில் என் கண்ணில் படவில்லை. 'பூட்டிக்' என்று பலகை வைத்த ஒன்றிரண்டு பார்த்தேன். லாட்ஜுக்கு சாம்பல் பெயின்ட் அடித்து, தலைமாட்டில் மஞ்சள் விளக்கு தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் குறை சொல்லவில்லை, சுத்தமாகவே இருந்தது. ஆனால் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மிச்சம் இருந்த வழிகளைத்தான் இப்போது ஒப்பிட்டுச் சொல்லப் போகிறேன். வட சென்னையில் நாலு நாள் தங்கிப் பார்க்க நினைக்கும் யாருக்கும் இது பயன்படும்.

கழித்துவிட வேண்டியதை முதலில் கழித்துவிடலாம். என் வீட்டில் தங்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு படுக்கையறை வீடு. கல்யாணத்துக்கு ஏற்கெனவே ஆம்பூரிலிருந்து ஏழு பேர் பாய் கேட்டிருக்கிறார்கள். அடுத்தது மண்டபத்து ரூம். பெண் வீட்டுக்கு நாலு, பிள்ளை வீட்டுக்கு நாலு என்று தருவார்கள். காசு கிடையாது, ஏசியும் உண்டு. ஆனால் உங்கள் பெயரில் கொடுத்த அறைக்குள் விடியற்காலை பூக்கூடை வரும், தாம்பூலப் பை மூட்டை வரும், யார் வீட்டுக் குழந்தையோ உங்கள் கட்டிலில் தூங்கும். முகூர்த்த நாள் காலையில் அந்த ஒரே பாத்ரூமுக்கு வரிசை நிற்கும். ஒரு ராத்திரிக்கு அது சந்தோஷம். நாலு ராத்திரிக்கு, அதுவும் விமானம் ஏறி வந்த 74 வயசுக்காரருக்கு, வேண்டாம். பெரம்பூர், திருவொற்றியூர்ப் பக்கம் சர்வீஸ் அபார்ட்மென்ட் கிடைக்கிறது. சமையலறை வேண்டும், பத்து நாள் இருக்கிறோம் என்றால் அது நல்ல யோசனை. நாலு நாளுக்குப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருக்க எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்?

மீதி நாலு. தெற்கே தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டைப் பக்கம் நிஜமாகவே அழகான ஹோட்டலில் தங்கி மெட்ரோவில் வந்துபோவது. எழும்பூர், பெரியமேடு. சௌகார்பேட்டை. மண்ணடி, பாரிமுனை.

இந்த நாலையும் நட்சத்திரத்தாலோ இணையத்தில் போடும் மார்க்காலோ தரம் பிரிக்கப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஏனென்றால் வட சென்னை ஒரே நேரத்தில் விழித்திருக்கும் ஊர் இல்லை. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு ராத்திரி மூன்று மணி என்பது காலை. மண்ணடிக்குப் பத்து மணிக்குத்தான் ஷட்டர் தூக்குவார்கள். சௌகார்பேட்டை மாலை ஆறுக்கு மேல் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். பாரிமுனை ஞாயிற்றுக்கிழமை தூங்கும். எந்த நேரத்துக்கு எந்தத் தெருவில் நிற்க ஆசைப்படுகிறோம் என்று முதலில் எழுதிக்கொண்டால், ரூம் எங்கே என்பது பாதி முடிந்துவிடும்.

தெற்கு ஹோட்டலுக்கு வருகிறேன். தங்கை கேட்ட அழகு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பழைய பங்களாவைப் புதுப்பித்து, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, பில்டர் காபியைப் பித்தளை டபராவில் தருகிறார்கள். தூரமும் முன்போல இல்லை. 2019 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை வந்தது, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. நீல வழித்தடம் விமான நிலையத்தில் கிளம்பி தேனாம்பேட்டை, சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று வண்டி மாறாமல் வருகிறது. பகல் முழுக்க மண்ணடியில் சுற்றிவிட்டு ஏசி ரயிலில் ஏறி, வேப்பமரத்தடிக்குத் திரும்பலாம்.

கணக்கு எங்கே உதைக்கிறது என்றால், மெட்ரோ ஓடுவது காலை 5-லிருந்து இரவு 11 வரை. காசிமேட்டு ஏலம் அதற்கு முன்னாலேயே சூடு பிடித்துவிடும். சௌகார்பேட்டையில் கடைசி ஜிலேபியை எடுக்கும்போது கடைசி ரயிலை நினைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். நடுப்பகல் மட்டும்தான் கையில் மிஞ்சும். ஆவணி வெயிலில் நடுப்பகல் மண்ணடி என்பது ட்ரை சைக்கிளும் தள்ளுவண்டியும் வியர்வையும். வட சென்னையின் இரண்டு முனையையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் பார்ப்பதற்கு இந்த ஏற்பாடு.

காசும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. எனக்குச் சொன்ன வாடகை 7,900. வரியோடு 9,322. இரண்டு அறை, நாலு ராத்திரி என்றால் 74,576 ரூபாய். இதே ஹோட்டல் 400 ரூபாய் குறைத்திருந்தால் ஒவ்வொரு ராத்திரிக்கும் 1,447 ரூபாய் மிச்சம். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் அறையைப் போடுமுன் பேரம் பேசிப் பாருங்கள். மேனேஜருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

எழும்பூர், பெரியமேடு நடுவாந்தரம். ஹோட்டலுக்குப் பஞ்சமில்லாத இடம். சென்ட்ரலும் எழும்பூரும் கூப்பிடு தூரம், ராத்திரி எந்நேரமும் ஆட்டோ கிடைக்கும், பெரியமேட்டில் பிரியாணி. வெளிநாட்டு பாஸ்போர்ட்டை நீட்டினால் முகம் சுளிக்க மாட்டார்கள். 4,200 சொன்னார்கள். வரியோடு இரண்டு அறை, நாலு ராத்திரிக்கு 35,280. தூக்கம் லேசானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், இதற்கு மேல் படிக்காமல் இங்கேயே போட்டுவிடலாம். எனக்கு ஒரே குறை, சன்னலைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரியாது. மதுரை ரயில் நிலையத்து எதிரில் இருக்கிறீர்கள் என்று சொன்னாலும் நம்பிவிடுவேன்.

சௌகார்பேட்டை அப்படி இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டாலும் மூக்கு சொல்லிவிடும். நெய், ஏலக்காய், பக்கத்திலேயே சாக்கடை, அதற்கு மேல் ஊதுவத்தி. தங்கசாலைத் தெருவுக்குப் பெயரே கம்பெனிக்காரன் நாணயம் அடித்த சாலையால் வந்தது. அங்கே காகடா ராம்பிரசாதில் ஜிலேபி, ஆலு டிக்கி. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனாபாய் கடையில் நெய்யில் மிதக்கும் பொடி இட்லியும் ஊத்தப்பமும். நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும், உட்கார இடம் தேடுகிறவர் புது ஆள். பூக்கடைப் பக்கம் நடந்தால் கந்தகோட்டம். வள்ளலார் சிறுபிள்ளையாக இருந்தபோது நின்று பாடிய முருகன். புரட்டாசியில் வருகிறவர்களுக்கு இன்னொன்று. சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் திருப்பதி திருக்குடை ஊர்வலம் யானைகவுனியைத் தாண்டும் நாளில், அந்த வழியில் பால்கனி உள்ள ரூம் கிடைத்துவிட்டால் வேறு எந்த ஹோட்டலின் எந்த வசதியும் அதற்கு ஈடு நிற்காது.

லாட்ஜுகள் வியாபாரத்துக்கு வருகிறவர்களுக்கானவை. வெளியூர்க் கடைக்காரர் காலையில் வந்து, சரக்கு எடுத்து, பார்சல் போட்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிறவர். அதனால் பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு. சாயங்காலம் நாலு மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் நாலு மணி வரை அறை உங்களுடையது. பெரிய ஹோட்டலில் பகல் இரண்டுக்கு உள்ளே விட்டு மறுநாள் பன்னிரண்டுக்கு எழுப்பி விடுவதோடு ஒப்பிட்டால், நடுராத்திரி விமானத்தில் வருகிறவர்களுக்கு இது லாபம். ஆனால் தங்கையின் வீட்டுக்காரர் கவிச்சி இல்லாமல் இரண்டு வேளை தாங்க மாட்டார். நான் பார்த்த இரண்டு லாட்ஜிலும் வெளியிலிருந்து அசைவம் கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. இரண்டு இடத்திலும் லிஃப்ட் இல்லை. செங்குத்தான மாடிப்படி. மாமியாரை நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மண்ணடிக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. செம்புதாஸ் தெரு முனையில் மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. கம்பியின் நுனியில் கட்டிய சிவப்புத் துணி ஒரு டீக்கடையின் பாய்லருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. இங்கே தங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது முழுவதும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. பகலில் கனரக லாரி உள்ளே வராது, லோடு இறங்குவது ராத்திரிதான். ஒரு மணிக்குக் கம்பியைத் தார் ரோட்டில் போடும் சத்தம், தெருப்பக்க அறையில் கட்டிலுக்கு அடியில் போட்ட மாதிரி கேட்கும். புலம்பிப் பிரயோசனமில்லை, அந்தத் தெருவின் பிழைப்பு அது. பின்பக்க அறை கேளுங்கள்.

'பின்பக்கம்' என்று கேட்கும்போது ஒரு ஜாக்கிரதை. போன வருஷம் வேறொரு உறவுக்காக, போட்டோவை மட்டும் நம்பி ஓர் இடத்தில் ரூம் போட்டேன். போட்டோவில் தரை வரை தொங்கும் பச்சைத் திரை, அதன் ஓரத்தில் வெளிச்சம். போய் திரையை விலக்கினேன். பின்னால் சன்னல் இல்லை. வெள்ளை அடித்த சுவர், நடுவில் ஒரு டியூப் லைட். கூட வந்த பையன், "காத்து வேணும்னா ஏசி போட்டுக்கலாம்மா" என்றான். அன்றிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் முதலில் திரையைத்தான் விலக்குகிறேன். அடுத்து பாத்ரூம் வாசற்படி. பழைய கட்டடத்தில் புதிதாகக் குழாய் போடும்போது தரையை உயர்த்திவிடுகிறார்கள், அறையிலிருந்து பாத்ரூமுக்கு ஒரு சாண் உயரம் ஏற வேண்டியிருக்கும். ராத்திரி அரைத்தூக்கத்தில் போகும் வயசானவர்களை அந்த ஒரு சாண் கவிழ்த்துவிடும். அப்புறம் சுடுதண்ணி. நாள் முழுக்க வருகிறதா, ஆறிலிருந்து ஒன்பது வரைதானா? முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் நாலு மணிக்கே குளிக்க வேண்டியிருக்கும்.

மண்ணடியில் மூன்று லாட்ஜில் கேட்டேன். இரண்டு இடத்தில் மலேசியா பாஸ்போர்ட் என்றதும், "ரூம் இல்லம்மா" என்றார்கள். பின்னால் வரிசையாகச் சாவி தொங்கியது. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையம் வழியே விடுதிக்காரர் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பதிவு, அந்தப் பாஸ்வேர்டு, அந்தக் கேள்விகள் எல்லாம் சின்ன லாட்ஜ்காரருக்குத் தலைவலி. உருவத்தில் நாம்தான், பேச்சில் தமிழ்தான். இருந்தும் இணையத்தில் பணம் கட்டிவிட்டு வாசலில் வந்து நிற்கும்போது இந்த இல்லையைக் கேட்க நேரும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு ரூம் போடுகிறவர்கள் இதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். செகண்ட் லைன் பீச் தெருவுக்கும் தம்புச் செட்டித் தெருவுக்கும் நடுவில் ஒரு சந்து. லாட்ஜைப் புதுப்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். லிஃப்ட் உண்டு, நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாடி பின்பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு அறை. திரையை விலக்கினேன், நிஜ சன்னல். எதிர்வீட்டு மொட்டை மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பாத்ரூமுக்குப் படி இல்லை. சுவரில் ஒரு படமும் கிடையாது, அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாது, கட்டில் விரிப்பு ஆஸ்பத்திரி வெள்ளை. 2,400, வரியோடு 2,520. இரண்டு அறை, நாலு ராத்திரிக்கு 20,160. தெற்கு ஹோட்டலுக்கும் இதற்கும் 54,416 ரூபாய் வித்தியாசம். கல்யாணத்துக்குத் தங்கை எடுத்திருக்கும் பட்டுப்புடவையே அதற்குள் அடங்கிவிடும்.

அந்தச் சந்திலிருந்து நடந்தே எங்கெங்கே போகலாம் என்று நின்று எண்ணிப் பார்த்தேன். மண்ணடி மெட்ரோ. காளிகாம்பாள் கோயில், சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதி வந்து கும்பிட்ட அம்மன். அர்மேனியன் தெருவில் அந்தோணியார் கோயில், அதே தெருவில் மணிக்கூண்டோடு அமைதியாக நிற்கும் அர்மேனியர் தேவாலயம். பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார். சாயங்காலம் ஆனால் அத்தோ வண்டிகள் வந்துவிடும். ரங்கூனிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மேலே நொறுக்கிய தட்டை எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் இலவசம். பினாங்கு நூடுல்ஸ் சாப்பிட்டு வளர்ந்த ஆள் இதைச் சாப்பிட்டுவிட்டு என்ன சொல்கிறாள் என்று பார்க்க எனக்கே ஆசை. சௌகார்பேட்டைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம், ராத்திரி பதினொன்றுக்கும் திரும்பலாம்.

நேரத்தை வைத்துப் பார்த்தால் இந்த இடம் எல்லாவற்றுக்கும் நடுவில் விழுகிறது. வியாழனும் வெள்ளியும் கடைகள் திறந்திருக்கும், பகலில் எம்.சி. ரோட்டுக்கு மெட்ரோவில் போய் ஜவுளி வாங்கலாம், ராத்திரி சாப்பாடு. சனி மாலை ராயபுரத்தில் ரிசப்ஷன். ஞாயிறு முகூர்த்தம் ஒன்பதுக்குத்தான். அதனால் நாலு மணிக்கே எழுந்தால் காசிமேடு பார்த்துவிட்டு வந்தும் குளிக்கலாம். ஞாயிறு விடியலில்தான் காசிமேட்டில் ஊரே திரண்டு நிற்கும். ஆவணி என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் யாராவது வந்தால், சின்னப் படகுகளில் வருவதை மட்டும்தான் பார்க்க முடியும். அந்த மாதங்களில் காசிமேட்டுக்காக வடக்கே ரூம் போடாதீர்கள், எழும்பூரே போதும். வரும் வழியில் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1-இல் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். அந்தத் தூண்களோடு கட்டடம் இன்னும் நிற்கிறது, நம் ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் கடந்து போகிறோம்.

ஞாயிறு மத்தியானம் கல்யாணச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது பாரிமுனைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். குறை போலத் தோன்றும், ஆனால் எனக்குப் பிடித்த நேரமே அதுதான். மற்ற ஆறு நாளும் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது, பார்த்தால் யாராவது மூட்டையோடு இடித்துவிடுவார்கள். ஞாயிறு மட்டும்தான் நடுத்தெருவில் நின்று முதல் மாடிகளைப் பார்க்கலாம். இரும்புப் பூவேலைக் கைப்பிடி, வண்ணக் கண்ணாடி அரைவட்டம், யாரோ ஒரு செட்டியாரின் பெயரும் வருஷமும் செதுக்கிய நெற்றி. தங்கை கேட்ட பூட்டிக் எல்லாம் அங்கேதான், ஷட்டருக்கு மேலே இருக்கிறது.

போட்டோ எல்லாம் அனுப்பி, விலையும் எழுதி, என் ஓட்டு மண்ணடிக்கு, தூக்கம்தான் முக்கியம் என்றால் எழும்பூர் என்று போட்டேன். தங்கைக்கு வேப்பமரத்தடி ஹோட்டல் மேல்தான் மனசு. "அக்கா, மண்ணடி ரூம் ரொம்பச் சாதாரணமா இருக்கே" என்றாள். ஆமாம் என்றேன். அவள் வீட்டுக்காரர் பேசவே இல்லை, அத்தோ போட்டோவுக்கு மட்டும் ஒரு இதயம் போட்டிருந்தார்.

பிறகு மாமியாரே போனை வாங்கினார். செய்யாறு பக்கத்துக்காரர். 1960-இல் ஒன்பது வயசில் அம்மாவோடு இதே மெட்ராஸ் ஹார்பரில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். கப்பல் வரும்வரை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சத்திரத்தில் மூணு நாள் தங்கினார்களாம். தெருப் பெயர் ஞாபகம் இல்லை. "ஏம்மா, நீ சொல்ற எடத்துல மாடிக்குப் போனா ஹார்பர் தெரியுமா?"

அதை நான் பார்க்கவில்லை. மறுநாள் திரும்பப் போனேன். வரவேற்பில் இருந்தவர், "மொட்டை மாடி பூட்டியிருக்கும்மா, சாவி ஓனர்ட்ட" என்றார். அம்மா ஞாபகம் வந்தது. ஓனர் வரும்வரை எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். மேலே போனால், பீச் ஸ்டேஷனுக்கு அப்பால் துறைமுகக் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தன. தெற்கே திரும்பினால் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரம். வீடியோ காலில் காட்டினேன். அவர் கிரேனைப் பார்க்கவில்லை.

"கோர்ட்டு மேல ஒரு வெளக்கு சுத்தும். கப்பல்லேர்ந்து ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தோம். இருக்கா?"

"கோபுரம் இருக்கு பெரியம்மா. வெளக்கு இப்ப சுத்தறதில்ல. 77-லயே மெரினாவுல புதுசா கட்டிட்டாங்க."

ஓனரிடம் அந்த நாலு நாளும் மாடிச் சாவியைக் கீழேயே வைக்கச் சொன்னேன், சரி என்றார். இரண்டு அறைக்கும் முன்பணம் கட்டி, ரசீதில் 'மூன்றாம் மாடி, பின்பக்கம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.